முதலில் நல்ல தண்ணீர், பிறகுதான் ஸ்பிரே

பாம்பனில் கதவுக்குக் கீல் வாங்குகிறவர்கூடப் பித்தளையில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்குவார். எங்கள் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். வாடை அடித்தால் வடகடலின் உப்பு ஊருக்குள் வரும். கச்சான் அடித்தால் தென்கடலின் உப்பு. நடுவில் உப்பு ஓய்கிற மாதம் என்று ஒன்று கிடையாது. பக்கத்து மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், கடற்கரையில் சட்டங்கள் நட்டு, விதவிதமான உலோகத் தகடுகளைக் காற்றில் மாட்டிவைத்து, எது எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று அளந்து வந்திருக்கிறார்கள். அந்தத் தகடுகளைத் தொட்ட அதே காற்றில்தான் எங்கள் ஆட்களின் படகு இன்ஜின்களும் நிற்கின்றன. நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி யாரும் பட்டறைக்கு இன்ஜின் கொண்டுவந்ததில்லை. கயிறு இழுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை என்பார்கள், சூடாகிறது என்பார்கள், கியர் விழவில்லை என்பார்கள். மேல்மூடியைத் திறந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். காயிலைப் பிடித்திருக்கும் போல்ட் செம்மண்ணாக உதிரும். எர்த் வயரின் முனை பச்சை பூத்திருக்கும். அலுமினிய பிளாக்கில் பெயின்ட் கொப்புளம் கட்டியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைப் பொடி. அலுமினியத்துக்குத் துரு கிடையாது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காற்றுப் பட்டதும் அதன் மேல் தானாகவே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது, அது உலோகத்தைக் காக்கிறது என்பது உண்மை. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். துளை விழுந்த இடத்தில் அரிப்பு பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கும். மேலே மிளகளவு தெரிவது உள்ளே தண்ணீர் ஓடும் அறைவரை போயிருக்கும்.

நான் கையாளாகச் சேர்ந்த காலத்தில் ஸ்பிரே என்று ஒன்றை நாங்கள் கண்டதில்லை. லாரிப் பட்டறையில் வடித்த கழிவு ஆயிலோடு டீசலைக் கலந்து, பழைய பிரஷ்ஷால் இன்ஜின் முழுக்கத் தடவிவிடுவோம். கறுப்பாக மின்னும். பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தோன்றும். கடற்கரை மணல் அதில் ஒட்டும், ஒட்டிய மணல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஓடித் தேய்ந்த ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலமும் கலந்திருக்கும் என்பது பிறகு தெரிந்துகொண்ட விஷயம். அதற்கு முந்தைய தலைமுறை மீன் எண்ணெயைத்தான் நம்பியது. மர வள்ளத்துக்குப் பூசியதில் மிச்சமானதை இரும்பு ஆணிக்கும் நங்கூரத்துக்கும் பூசினார்கள். நாற்றத்தைத் தவிர அதில் குறை சொல்ல முடியாது. மீன் எண்ணெய் காய்ந்து தோலாகப் படிகிற குணம் உள்ளது. அமெரிக்காவில் 1921-இல் ரஸ்ட்-ஓலியம் நிறுவனத்தைத் தொடங்கிய கப்பல் தலைவர் ராபர்ட் பெர்குசனும், கப்பல் தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் துரு பரவாததைப் பார்த்துத்தான் அந்தத் தொழிலில் இறங்கினார். எங்கள் பாட்டன்மார் கண்டதும் அதையேதான்.

ஸ்பிரே டப்பா எங்கள் கைக்கு வந்தது தூத்துக்குடியில் கப்பல் வேலை பார்த்தவர்கள் மூலமாக. விடுமுறைக்கு வரும்போது ஒன்றிரண்டு கொண்டுவருவார்கள். டபிள்யூ.டி-40 என்ற நீல மஞ்சள் டப்பாதான் முதலில் வந்தது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க உண்டாக்கிய கலவை அது. அலை அடித்து நனைந்து கிடந்த இன்ஜினின் பிளக் மூடியிலும் காயிலிலும் ஒரு சீறல் அடித்து, துடைத்து, கயிற்றை இழுத்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பார்த்தவர்களுக்கு அது மந்திரம். அதிலுள்ள எண்ணெய் தண்ணீர்த் துளிக்கு அடியில் ஊர்ந்து போய் உலோகத்தைப் பிடித்துக்கொள்வதால் துளி விலகிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குள் வசதியான சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) எல்லாருடைய படகிலும் ஒரு டப்பா இருந்தது.

அடுத்த வருடத்திலிருந்து எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. ஸ்பிரே அடிக்கிற படகுகளின் இன்ஜின்களும் அரிக்கத்தான் செய்தன. சிலவற்றில் அடிக்காத இன்ஜினைவிடக் கூடுதலாகவே இருந்தது. கடலிலிருந்து வந்ததும் மூடியைத் திறந்து, உப்பு காய்ந்திருக்கிற இன்ஜின் மேலேயே அடித்து, பளபளப்பைப் பார்த்துத் திருப்தியாக மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உப்பு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

உப்பு காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்பதே சரியில்லை. சமையல் உப்பு, காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் கசிந்து தண்ணீராகும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது அதில் பாதிகூட இல்லாத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் இரவுக் காற்று எப்போதும் ஈரம்தான். அதனால் பகலில் வெள்ளைப் பொடியாகத் தெரிவது இரவில் மறுபடியும் உப்புத் தண்ணீராகிறது. போல்ட்டின் தலைக்கு அடியில், வாஷர் ஓரத்தில், வயர் கிளிப்புக்குள் இது தினமும் நடக்கிறது. துணியால் துடைத்தால் போகாது, எண்ணெயில் கரையாது. நல்ல தண்ணீர் ஒன்றுக்குத்தான் அது வழிவிடும்.

இதை நான் சொல்லி யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ரயில் பாலத்தைக் காட்டித்தான் புரியவைத்தேன். 1914-இல் திறந்த பாம்பன் பாலம், இத்தனை உப்புக் காற்றில் நூறு ஆண்டு தாண்டி நின்றது. அங்கே பெயின்ட் அடிக்கிற ஆட்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வருடம் பூரா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அடித்துக்கொண்டே போவார்கள். எங்கள் கண்ணில் பட்டது வெள்ளிநிற பெயின்ட் மட்டும்தான். கிட்டே போய்ப் பார்த்தால் அவர்களுடைய நேரத்தில் பெரும்பகுதி சுரண்டுவதில்தான் போனது. பழைய பெயின்ட்டையும் துருவையும் உப்பையும் உலோகம் தெரிகிறவரை எடுத்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டார்கள். அப்படிப் பார்த்துக்கொண்ட பாலத்திலேயே அரிப்பு மிஞ்சி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசைலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள்.

நல்ல தண்ணீர் என்று வாய்கொண்டு சொல்லிவிட்டேன். இந்தப் பாம்பன் தீவில் அது எவ்வளவு பெரிய சொல் என்பது குடம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். குடிநீர் குடக் கணக்கில் விற்ற காலம் அது. அவுட்போர்டு இன்ஜினை முறையாகக் கழுவ, இருநூறு லிட்டர் டிரம்மைக் குறுக்கே வெட்டி, அதன் விளிம்பில் இன்ஜினை மாட்டி, கீழ்ப்பகுதியில் தண்ணீர் இழுக்கிற துளைகள் மூழ்குகிற அளவு நிரப்ப வேண்டும். ஒரு சம்மாட்டியின் வீட்டுக்கு இதைச் சொல்லப் போனபோது அவருடைய மனைவி என்னைக் கேட்டார்:

"அண்ணே, பிள்ளைக குளிக்கத் தண்ணி இல்ல. நீங்க எந்திரத்தக் குளிப்பாட்டக் கேக்குறீக."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது நியாயம். அதற்கப்புறம்தான் தண்ணீரைக் குறைக்கிற வழியை யோசித்தோம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வாயில் வைத்தால் கரிக்கிற கிணற்றுத் தண்ணீரில்கூட அதில் சிறு பங்குதான் இருக்கும். ஆகவே முதல் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். கடைசியாக ஒரே ஒரு குடம் நல்ல தண்ணீரை மேலே ஊற்றினால் போதும். வாடைக்கால மழையில் ஓட்டுத் தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்களில் பிடித்துவைத்தால் சில மாதங்களுக்கு வீட்டுத் தண்ணீரில் கைவைக்க வேண்டாம். ஒரே டிரம்மில் நாலைந்து படகுக்காரர்கள் அடுத்தடுத்து இன்ஜினை ஓட்டிக்கொள்ளலாம். இன்ஜினின் பக்கவாட்டில் பீய்ச்சுகிற தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரிப்பு அடங்குகிறவரை ஓட வேண்டும். நியூட்ரலில் பத்து நிமிடமாவது ஓடி, சூடேறி, தெர்மோஸ்டாட் திறந்தால்தான் தண்ணீர் தலைப்பகுதிவரை சுற்றும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறவர்கள் கீழ்க்குழாயை மட்டும்தான் கழுவுகிறார்கள்.

கழுவிய பிறகு காற்றாடக் காயவிட வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஈரம் போன பிறகுதான் ஸ்பிரே.

ஸ்பிரேயிலும் வகை இருக்கிறது. கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கிவரக் கூடாது. மெலிந்த எண்ணெய் வகை ஈரத்தை விரட்டும், சந்துக்குள் ஏறும், இறுகிய நட்டை இளக்கும். ஆனால் அது விட்டுவைக்கிற படலம் மெல்லியது. எங்கள் காற்றில் சில நாள்தான் தாங்கும். வாரம் ஒருமுறை மூடியைத் திறக்கிறவருக்கு அது போதும். சி.ஆர்.சி. போன்ற கம்பெனிகள் படகுக்கென்றே தருகிறவை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். மெழுகோ, ஆட்டு மயிரிலிருந்து எடுக்கிற லானோலினோ கலந்தது மூன்றாவது வகை. அது பிசுபிசுப்பாகப் படியும், அலை அடித்தாலும் லேசில் போகாது. இன்ஜினை வெளியிலிருந்து பிடித்திருக்கிற கிளாம்ப், திருகு, பின் எல்லாவற்றுக்கும் அதைத்தான் அடிக்கச் சொல்வேன். மூடிக்குள்ளே மெலிந்தது, வெளியே கெட்டியானது. மணல் பறக்கிற இடமாதலால் வெளியேயும் தேவைக்கு மேல் அடிக்க வேண்டாம்.

எங்கே அடிக்கக் கூடாது என்பதைத்தான் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ரப்பர் பெல்ட்டில் படக் கூடாது. ஸ்டார்ட்டர் கயிறு சுற்றும் உருளைக்குள் போகக் கூடாது. துத்தநாகக் கட்டியில் படவே கூடாது. அந்தக் கட்டி இன்ஜினின் கீழ்ப்பகுதியில், புரொப்பல்லருக்குப் பக்கத்தில் இருக்கும். கடல் தண்ணீரில் அலுமினியத்துக்கும் மற்ற உலோகங்களுக்கும் நடுவே மின்னோட்டம் உண்டாகி அரிப்பு நடக்கும்போது, அலுமினியத்துக்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதன் மேல் எண்ணெயோ பெயின்ட்டோ பட்டால் அது வேலை செய்யாது. கட்டி கரைந்து அசிங்கமாக இருக்கிறதே என்று அழகாகப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்த இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். கட்டி முழுசாக இருந்தது, கியர் பெட்டி ஓட்டையாகியிருந்தது. பாதி கரைந்தால் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அதற்கான பராமரிப்பு.

ஒரு தம்பி ஒருநாள் மூடியைத் திறந்து நிறைய அடித்துவிட்டு, உடனே மூடி, கயிற்றை இழுத்தார். டப்பாவிலிருந்து எண்ணெயைத் தள்ளுவது பெரும்பாலும் சமையல் எரிவாயுவின் இனம்தான். மூடிக்குள் அடைபட்ட ஆவியில் எங்கோ ஒரு பொறி விழுந்து, மூடியின் இடுக்கு வழியாகத் தீ வெளியே வந்தது. நனைந்த சாக்கைப் போட்டு அணைத்தோம். வயர்கள் கருகியதோடு போயிற்று, கை தப்பியது. அடித்தபின் கால் மணி நேரம் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது டப்பாவைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

தென்கடலில் கச்சான் வலுக்கிற மாதங்களில் சிறு படகுகள் பல நாள் கரையிலேயே கிடக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கரையில் கிடந்தால் இன்ஜினுக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் ஓடுகிற இன்ஜினைவிடச் சும்மா கிடக்கிற இன்ஜின்தான் சீக்கிரம் கெடுகிறது. ஓடும்போது உள்ளே எண்ணெய் சுற்றுகிறது, சூட்டில் ஈரம் போகிறது. நின்றுவிட்டால் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய் மெதுவாக வடிந்துவிடும். பிஸ்டன் வளையம் நின்ற இடத்திலேயே துரு பிடித்து இறுகும். நிறுத்துகிற அன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மண்ணெண்ணெயில் ஓடுகிற இன்ஜினாக இருந்தால் முதலில் பெட்ரோலுக்கு மாற்றி, கார்பரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடவிட வேண்டும். பிறகு சிலிண்டருக்கென்றே விற்கிற எண்ணெய் ஸ்பிரேயைக் காற்று இழுக்கிற வாய் வழியாக அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். புகை வெள்ளையாகத் திரண்டு வந்து, இன்ஜின் திணறி, தானே நிற்கும். அப்புறம் பிளக்கைக் கழற்றி உள்ளே ஒரு சீறல். கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று இழுப்பு. பிளக்கை மாட்டிவிடலாம்.

வேலை நுணுக்கம் எல்லாம் இறுகிப்போன போல்ட்டில்தான் இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட் ஆறு மில்லிமீட்டர் கனம், தலைக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர். எஃகு போல்ட், அலுமினியப் புரி. இரண்டுக்கும் நடுவே உப்பு இறங்கி, அலுமினியம் பொடியாகிப் புரிக்குள் ஊதிப்போயிருக்கும். பலத்தைக் காட்டினால் தலை கையோடு வந்துவிடும். மீதித் தண்டைத் துளைபோட்டு எடுத்து, புதுப் புரி போடுவதற்கு அரைநாள் போகும். நான் செய்வது இதுதான்: முதல் நாள் சாயங்காலமே தலையைச் சுற்றி மெலிந்த ஸ்பிரே அடித்து விட்டுவிடுவேன். காலையில் மறுபடி ஒரு சீறல். சிறு சுத்தியலால் தலையின் நடுவில் டொக் டொக்கென்று தட்டுவேன். பலமாக அடிக்கக் கூடாது, சத்தம் மாறுகிறதா என்று காது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் ஸ்பேனரை மாட்டி, கழற்றுகிற பக்கம் திருப்பாமல், இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அளவு அழுத்துவேன். உள்ளே ஏதோ நறுக்கென்று விடுபடும். அது கைக்குத் தெரியும். அப்புறம் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, நடுநடுவே எண்ணெய் விட்டு, வெளியே கொண்டுவரலாம். மறுபடி மாட்டும்போது புரியில் கிரீஸ் தடவாமல் மாட்டுகிறவரை நான் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது எங்கள் தீவை இலங்கை மறைத்து நின்றது. நாகப்பட்டினத்தை அப்படி மறைக்க எதுவும் இல்லை. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எங்கள் பக்கத்திலிருந்து கருவிப்பெட்டியோடு சிலர் கிளம்பிப் போனோம். அக்கரைப்பேட்டையில், கீச்சாங்குப்பத்தில், பார்த்த இடமெல்லாம் இன்ஜின்கள். மணலில் பாதி புதைந்தவை, வீட்டுக் கூரையில் தொங்கியவை, முறிந்த படகோடு சேர்ந்து கிடந்தவை. ஒரு பெரியவர் தன்னுடையதைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

"தம்பி, தொடச்சு வெயில்ல காயவச்சேன். பொழைக்குமா?"

பிளக்கைக் கழற்றி உள்ளே பார்த்தேன். சிலிண்டர் சுவர் முழுக்கச் சிவப்பு. கயிறு ஒரு அங்குலம்கூட வரவில்லை. வீட்டில் நடந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூழ்கிய இன்ஜினை வெளியே எடுத்துக் காயவைப்பதுதான் அதைக் கொல்வது என்பதை அன்று அவரிடம் எப்படிச் சொல்வது? மூழ்கியது தண்ணீருக்குள் இருக்கும்வரை காற்று அதிகம் படாது, அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். வெளியே வந்து ஈரமும் உப்பும் காற்றும் ஒன்றுசேர்ந்த நிமிடத்திலிருந்து அரிப்பு வேகம் பிடிக்கும். உடனே பிரித்து வேலை பார்க்க முடியாவிட்டால் நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் அப்படியே முழுக்கிவைக்க வேண்டும். ஆள் வந்ததும் பிளக்கை எடுத்து, தலைகீழாக்கித் தண்ணீரை வடித்து, மணல் இல்லை என்று உறுதிசெய்து, எண்ணெய் அடித்துச் சுழற்றி, அன்றைக்கே ஓடவைக்க வேண்டும். மணல் போயிருந்தால் முழுதும் பிரித்தே ஆக வேண்டும். அங்கே எங்களால் காப்பாற்ற முடிந்தவை எல்லாம் தற்செயலாகக் குளத்திலோ வாய்க்காலிலோ கிடந்தவைதான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் அடித்தபோது, போன் பண்ணிக் கேட்டவர்களுக்கெல்லாம் முதல் வார்த்தையாக இதைத்தான் சொன்னேன்: காயவைக்காதீர்கள், நல்ல தண்ணீரில் போட்டு வையுங்கள்.

இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள் வருகின்றன. புகை குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு. பழைய டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்த ஆயிலே உள்ளெல்லாம் பூசிக்கொண்டிருந்தது. அந்தப் பாதுகாப்பு இதில் இல்லை. மூடிக்குள் சென்சாரும் வயர் இணைப்புகளும் பெருகிவிட்டன. ஒரு இணைப்பின் முள் பச்சை பூத்தாலே இன்ஜின் வேகம் எடுக்காது. அந்த முள்ளுக்கென்றே தனி ஸ்பிரே இருக்கிறது, அங்கே லானோலினைக் கொண்டுபோய் அப்பக் கூடாது. வாங்கும் விலையைப் பார்க்கும்போது இதற்கெல்லாம் ஆகிற செலவு ஒன்றுமே இல்லை.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு எங்கள் பெண்களின் தலைச்சுமை குறைந்தது. கடற்கரைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. மீன் இறக்குகிற தளம் கட்டும்போது ஏலக்கூடம் வருகிறது, விளக்குக் கம்பம் வருகிறது, வலைபின்னும் கூடம் வருகிறது. படகு வந்து நிற்கிற இடத்தில் ஒரு தொட்டியும், கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு குழாயும், நல்ல தண்ணீருக்கு ஒரு குழாயும் சேர்த்துக் கட்டுங்கள் என்று மீனவர் குறைதீர்க் கூட்டத்துக்கு மனு எழுதித் தருகிறேன். தொட்டி நாலடி நீளம், மூன்றடி ஆழம் போதும். விளிம்பில் இன்ஜினை மாட்ட இரண்டு அங்குலப் பலகை பதித்தால் ஒரே நேரத்தில் மூன்று பேர் கழுவிக்கொள்ளலாம். வரைபடமும் மனுவோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.